என் கை நடுங்கத் தொடங்கிய பிறகு

திருவிருந்து ஆராதனையில்தான் அது முதலில் வெளியே தெரிந்தது. மண்டியிட்டிருந்த ஒரு பெண்ணிடம் கிண்ணத்தை நீட்டினேன். திராட்சரசம் அவளுடைய வெள்ளைப் புடவையில் சிந்தியது. அவள் முந்தானையால் மறைத்துக்கொண்டாள். என் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஒடுகத்தூரில் ஒரு சிறிய சபைக்கு நான் போதகர். நெல்லிவாசல்நாட்டு மலைவீடுகளுக்கும் ஜீப்பில் போய்வருவேன். அலைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ஒருநாள் மனைவி எஸ்தர், “மூஞ்சியில சிரிப்பே இல்லீங்களே, எம்மேல கோவமா?” என்று கேட்டாள். நான் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேலூரில் நரம்பியல் மருத்துவர் என்னை நடக்கவைத்துப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் (உடலின் அசைவுகளைச் சீராக்கும் ஒரு வேதிப்பொருள் மூளையில் குறைந்துபோவது) என்றார்.

“குணமாயிடுமா டாக்டர்?” என்று எஸ்தர்தான் கேட்டாள்.

“முழுசா குணமாக்க மருந்து இல்லம்மா. மாத்திரையால கட்டுப்படுத்தலாம். இன்னும் பல வருஷம் வேலை பாப்பாரு.”

பேருந்தில் திரும்பும்போது மனதுக்குள் கடவுளோடு சண்டையிட்டேன். நான் பேச்சாளன் அல்ல. கூட்டத்தின் முன் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊழியத்துக்கு அழைத்த அன்றைக்கே, என்னால் ஆகாது என்று சொன்னேன். அப்படியும் அழைத்தவர், இருக்கிற கொஞ்சத்தையும் ஏன் எடுத்துக்கொள்கிறார்? சில மாதங்களில் குரலும் தணிந்தது (இதுவும் இந்நோயின் அறிகுறிதான்). ஊழியத்தை விட்டுவிட முடிவு செய்தேன்.

அந்த வாரம் மலையிலிருந்து கோவிந்தன் ஆள் அனுப்பியிருந்தார். சாமை விதைக்கிறவர். எங்கள் சபையார் அல்லர். மழையில் ஜீப்புக்குக் காத்திருந்தால், போதகர் என்பதால் ‘ஐயரே’ என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார். கல்லீரலில் புற்றுநோய். மருத்துவமனையில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் போக மனமில்லை. “கூப்ட்டவங்க வூட்டுக்குப் போய்ட்டு வாங்க. விடறத அப்புறம் விடுங்க,” என்றாள் எஸ்தர்.

கோவிந்தனின் தலையில் கை வைத்தேன். மாத்திரையின் வேகம் தணியும் நேரம். கை அவர் நெற்றியில் படபடவென்று அடித்தது. ஜெபிக்க வாய் திறந்தும் சொல் வரவில்லை. அவர் கண்விழித்தார்.

“இன்னாங்க ஐயரே, உங்களுக்கும் பயமா கீதா?”

“ஆமாங்க. எனக்கும் பயந்தான்.”

“எல்லாரும் தைரியமா இருன்னு சொல்லிட்டு வெளிய போய் அழுவறாங்க. நீங்க கொஞ்ச நேரம் இருங்க.”

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை; அவரும் விடவில்லை. சாயங்கால ஜீப் போய்விட்டது. மறுநாள் காலை அவர் இறந்தார். ஆறுதல் சொல்லவேண்டிய நான், அவர் மனைவியோடு சேர்ந்து அழுதேன்.

இதற்காகத்தான் எனக்கு நோய் வந்தது என்று சொல்லமாட்டேன். அந்த விளக்கம் எனக்குப் போதாது. ஆனால் ஊழியத்தை விடவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை இல்லை. மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பயத்தை உடன் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது பொத்தான் போடுவதற்குள் பாதிக் காலை போய்விடுகிறது. சில வேளை வாசற்படியில் கால் தரையோடு உறைந்துவிடும். அதட்டினாலும் அசையாது. முன்பு நேரம் என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

நேற்று மலையில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வெளியே ஜீப் நின்றது. எஸ்தர் என்னை இழுக்காமல் பக்கத்தில் நின்றாள். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்து, இடது கால் நகர்ந்தது.