ஒருநாள் நிலைய அதிபர்

அந்த ஞாயிறு காலை அம்மாவின் கைத்தொலைபேசியில் அக்கா நீலத் தொப்பியோடு தோன்றினாள். கையில் சுருட்டிய பச்சைக் கொடி. முகம் முழுக்க வெட்கம். நெடுந்தீவில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்பதில்லை. நானும் அம்மாவும் வெளியே வந்து கல்வேலியோரமாக நின்று பார்த்தோம். மறுமுனையில் அக்காவின் தோழி ஒருத்தி தொலைபேசியைப் பிடித்திருந்தாள்.

"எங்கடை தீவில கோச்சியே இல்லை. இவளை எப்பிடி ஸ்டேசன் மாஸ்டர் ஆக்கினவை?" என்று அம்மா சிரித்தார்.

அது ஜப்பானில் ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரின் நிலையம். ஒரு காலத்தில் அங்கிருந்து தோடம்பழங்கள் பெட்டி பெட்டியாக ரயிலேறிப் போயினவாம். பின்னர் லொறிகள் வந்தன; நிலைய ஊழியர்களை நீக்கிவிட்டார்கள். மரக் கட்டடத்தையும் இடிக்கப் புறப்பட்டபோது, "கூட்டித் துடைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஊரார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போன அக்கா, முதல் வருடம் முழுவதும் தொலைபேசியில் அழுதாள். "ஏலாட்டி வந்திடு பிள்ளை" என்று அம்மாவும் ஒவ்வொரு கிழமையும் சொன்னார். ஒரு ஞாயிறு, ஊரார் நிலையத்தைக் கூட்டுவதைக் கண்டு அக்காவும் ஒரு விளக்குமாற்றை எடுத்திருக்கிறாள். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. நிலையத்தின் பிறந்தநாளில் ஒருவரை ஒருநாள் அதிபராக்குவது அவர்களின் வழக்கம். அந்த வருடம் அக்காவைக் கேட்டார்கள்.

திரையில் இரண்டு பெட்டி ரயில் வந்து நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ரயில்வே அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் திரையின் மூலையில், பையை அணைத்தபடி ஒரு பெண் மேட்டுப்பாதையில் ஓடி வருவது தெரிந்தது.

"பொறு பிள்ளை, ஆள் வருது!" என்று அம்மா தொலைபேசிக்குள் கத்தினார்.

அக்கா கொடியை உயர்த்தவில்லை. அதிகாரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலோட்டி எட்டிப் பார்த்தார். ஆனாலும் கொடி கீழேயே இருந்தது. அந்தப் பெண் ஏறிய பிறகுதான் அக்கா கொடியை உயர்த்தி விசில் ஊதினாள். அம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தொலைபேசி கீழே விழுந்துவிட்டது.

பின்னேரம் அக்கா மறுபடி அழைத்தாள். "நீங்கள் கத்தினது எனக்குக் கேக்கேல்லை அம்மா. எங்கடை வள்ளக்காரர் ஆள் ஓடி வாறதைக் கண்டா கயிறு அவிழ்க்கமாட்டினம்தானே, அதுதான் நானும் நிண்டனான்" என்றாள். ரயில் ஒரு நிமிடம் பிந்திப் போனதாம். "இன்றைக்கு அதிபர் நீங்கள்தான். காரணத்தை நீங்களே எழுத வேண்டும்" என்று அதிகாரி தாளை நீட்டினாராம். 'ஒருவர் வந்துகொண்டிருந்தார்' என்று அக்கா எழுதினாளாம். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினாராம். ஓடி வந்த பெண்ணின் மகளுக்கு அன்று காலை நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் அழுகை இல்லை.

"இனி அவளை வா எண்டு கேக்கமாட்டன். நாங்கள் போய்ப் பாப்பம்" என்றார் அம்மா.

போன கிழமை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப்போனேன். படத்தில் சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். அம்மா சிரித்துவிட்டார். இரண்டாம் தரமும் சிரித்தார். நாலாவது படத்தில்தான் ஒருமாதிரி உதட்டை மூடினார். கண்களை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.