ஆயுத பூஜையன்று ஓடிய பில்ட்

வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகள் தைக்கும் சின்ன யூனிட் ஒன்றை ஓர் அக்கா நடத்துகிறார். கணவர் இறந்த பின் எட்டு மாதம் பூட்டிக் கிடந்த யூனிட் அது. அவர் அதை மறுபடி திறந்தபோது வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஊடு ஊடாப் போயித் தொறந்துட்டமுன்னு சொல்ல முடியாதுங்க தம்பி. அதப் பாத்தா யூனிட் ஓடுதுன்னு தெரியோணும்."

அதற்காகப் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி வைத்தேன். அக்கா தன் போனில் ஒரு பட்டனை அமுக்கினால் 'யூனிட் இயங்குகிறது' என்று வரும். இன்னொன்றை அமுக்கினால் 'யூனிட் மூடப்பட்டுள்ளது'.

ஒரு சிக்கல் இருந்தது. நான் செய்த பக்கங்கள் வெறும் கூடுகள். யாராவது திறந்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி எழுத்தையும் படத்தையும் நிரப்பும். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் முன்னோட்டத்தில் ஒன்றுமே வராது. எழுதிய நிரலை வெளியிடத் தயாரான பக்கங்களாக மாற்றும் வேலைக்கு பில்ட் என்று பெயர். அதனால் அதைச் செய்யும் டூலில் ப்ளக்இன் என்ற துணை நிரல் ஒன்றைச் சேர்த்தேன். பில்ட் ஓடும்போதே அது கண்ணுக்குத் தெரியாத பிரவுசரில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, நிரம்பும்வரை பொறுத்து, பார்த்ததை அப்படியே முழுப் பக்கமாகச் சேமித்துவிடும். துணியையும் பட்டனையும் தனித்தனியாகக் கொடுக்காமல், தைத்து மடித்த சட்டையாகக் கொடுப்பதுபோல. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே, முன்னோட்டத்திலும் அந்த வரி வரும்படி செய்தேன்.

ஆயுத பூஜையன்று நல்ல நேரத்தில் வெளியிடலாம் என்றார் அக்கா. ஓவர்லாக் தையல் மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது என் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு கிடைத்தது. அன்று மெஷின் ஓட்டக் கூடாது. ஆகவே காலையிலேயே பொறுப்பாக 'மூடப்பட்டுள்ளது' பட்டனை அமுக்கியிருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், பொரியை மென்றுகொண்டே பில்டை ஓட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா பட்டனை மாற்றினார். என் திரையில் 'இயங்குகிறது' என்றே வந்தது. திறந்த மறுநொடி ஜாவாஸ்கிரிப்ட் வரியைத் திருத்திவிடுகிறதே! நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார். சாம்பிள் பார்த்து ஒத்துக்கொண்டிருந்த பெங்களூர் கடைக்காரர் ஆர்டரை வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். தன் கூட்டாளிக்கு லிங்க் அனுப்பியபோது முன்னோட்டத்தில் 'யூனிட் மூடப்பட்டுள்ளது' என்று வந்திருக்கிறது. யூனிட்டை மறுபடி மூடிவிட்டார்கள் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"நாந்தான் அமுத்த மறந்துட்டனாட்ட இருக்குதுங்க தம்பி," என்றார் அக்கா. "தெனமும் மெஷின் போடறதுக்கு மின்னாடி அமுத்துவனுங்க. என்னிக்கோ ஒரு நாள் உட்டுப்போட்டனாட்ட."

காரணம் எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ப்ளக்இன் பூஜையன்று பார்த்த வரியைத்தான் சேமித்திருக்கிறது. அதற்குப் பின் நான் பில்டே ஓட்டாததால் முன்னோட்டம் இன்னும் அதையே காட்டுகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி அவர்மேலேயே நின்றுவிடும். "பார்க்கிறேன் அக்கா" என்று போனை வைத்துவிட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அப்படித்தான் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே யூனிட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்லீங்க அக்கா, எம்மேலதானுங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தெனமும் அமுத்துனது யாருக்குமே தெரியலீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து, அவர் பட்டனை அமுக்கும்போதெல்லாம் புதிதாக பில்ட் ஓடும்படி மாற்றினேன். போன ஆர்டர் போனதுதான். மறுநாள் காலை எட்டரைக்கு பில்ட் ஓடி முடிந்தது. முன்னோட்டத்தில் 'யூனிட் இயங்குகிறது' என்று பார்த்த கையோடு அக்காவின் போன் வந்தது. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"இப்பத் தெரியுதுங்களா தம்பி?"

"தெரியுதுங்க அக்கா."