உருளைக்குள் போன சட்டை

என் மருமகள் பஸ்ஸுக்குக்கூட ஓடியவள் இல்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், "போனா போகுது, அடுத்தது வராமலா இருக்கும்" என்று நிற்கிற ரகம். அவள்தான் ஒருநாள் வேலை முடிந்து வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி வைக்காமல், "அத்தை, நான் ஓடப்போறேன்" என்றாள்.

"யாரோடடி?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். என் மகன் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"விளையாடாதீங்க. எங்க ஆஸ்பத்திரியில ஓட்டம் வைக்கிறாங்க. புதுசா டயாலிசிஸ் வார்டு கட்டறதுக்கு நிதி சேர்க்கறாங்களாம். இருபத்தொரு கிலோமீட்டர்."

"கட்டறவன் கட்டட்டும். உனக்கு எதுக்கு? நின்னு நின்னு முட்டி வீங்கிக் கிடக்கு."

"குறிச்ச நேரத்துக்குள்ள ஓடி முடிச்சவங்க ஒரு பேர் கொடுக்கலாம் அத்தை. சிகிச்சை கிடைக்காம போனவங்க பேரு. அந்த வார்டு வாசல் சுவர்ல கல்லுல வெட்டி வைப்பாங்க."

நான் எழுந்தேன். போய் உலை வைத்தேன்.

என் மகன் அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவன். எத்தனை பேரை டயாலிசிஸ் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிருப்பான்! அவனுக்குச் சிறுநீரகம் கெட்டபோது அந்த அறையில் அவனுக்கு இடமில்லை. இருக்கிற மெஷின் குறைவு, வரிசை நீளம் என்றார்கள். "அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரம் போனால், அதற்கும் அடுத்த வாரம். கடைசியில் அவன் தள்ளிய ஸ்ட்ரெச்சரிலேயே அவனையும் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு மட்டும் வரிசை இல்லை.

மருமகள் அங்கேயே சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் அழுக்கு மூட்டைகள் வந்து விழும், நடுவில் மெஷின்கள் சுற்றும், அந்தப் பக்கம் சூட்டு உருளை. ஈரத் துணியை உருளையில் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். அந்த உருளையில் நிற்கிறவளை எல்லோரும் உருளைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். எழுத்துக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, என்னைப் போலவே. ஆனால் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு: சுருக்கத்தோடு ஒரு கைக்குட்டைகூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது. பெரிய டாக்டரே கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தாலும் பிடுங்கி உருளையில் கொடுத்துவிட்டுத்தான் விடுவாள்.

ஓடப்போகிறேன் என்று மருமகள் சொன்னதும் முதலில் கேலி செய்தவளும் அவள்தான். "நீ ஓடுறதுக்குள்ள அந்த வார்டையே கட்டி முடிச்சு வெள்ளையடிச்சிடுவாங்க" என்றாளாம். கேலி செய்த வாய் மூடுவதற்குள், "நீ சாயங்காலம் சீக்கிரம் கிளம்பு, உன் பங்கு விரிப்பை நான் மடிக்கிறேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

அழுக்குத் துணி பிரிக்கிற இன்னொருத்தி இருந்தாள், சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். அவள்தான் பின்னாலேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவாள், கூடையில் தண்ணீர் பாட்டிலோடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மதிலை ஒட்டிப் போகிற சாலை. முதல் நாள் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்கினாள் மருமகள்.

"என்னடி, கம்பத்துக்கெல்லாம் வணக்கம் சொல்லிட்டா போற? நடடி! நடக்கவாவது செய்டி!"

"வாயை மூடிட்டு வாக்கா. உனக்கு என்ன, உட்கார்ந்துட்டு வர்ற."

"நான் மிதிக்கலைன்னா இது தானா வருதா?"

தெருவே வேடிக்கை பார்க்கும். எதிர்வீட்டுக்காரி என்னிடம் வந்து, "மருமகளுக்கு என்ன இந்த வயசுல புதுசா ஆசை?" என்று இழுத்தாள். "உனக்கு வராத ஆசைதான்" என்றேன். அதோடு அவள் பேச்சு நின்றது. பெரிய நஷ்டம் இல்லை.

கிழிந்து ஒதுக்கிய துவாலைகளை வெட்டி நெற்றிக்குப் பட்டை தைத்தாள் உருளைக்காரி. சைக்கிள்காரி தன் மகளின் பழைய ஷூவைக் கொண்டுவந்தாள். பெரிதாக இருந்தது, முனையில் பஞ்சு அடைத்தார்கள். முட்டிக்கு நான் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். திட்டிக்கொண்டேதான் தடவினேன். கம்பத்துக்குக் கம்பம் நின்றவள், மழை முடிந்து வெயில் ஏறுவதற்குள், சாலையின் அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி வருகிற அளவுக்கு ஆகிவிட்டாள். இளைத்தாள். இரவில் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். அதற்கு முன்னால் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள் ஒரு சட்டையும் எண் எழுதிய ஒரு தாளும் கொடுத்தார்கள். தாளைச் சட்டையின் மார்பில் ஊக்கு மாட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். வேலை நடுவே உருளைக்காரி பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். சட்டை கசங்கிக் கிடந்தது.

"நாளைக்கு ஊரே பார்க்கப் போகுது. நம்ம ஆளு இப்படியா போய் நிக்கும்? எல்லாரும் என்னைத்தான் துப்புவாங்க."

மருமகள் அந்தப் பக்கம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஊக்கைக் கழற்றினால் எண் கோணிப்போகும் என்று, உலோகம் உருளையில் படாமல் ஓரமாக ஒதுக்கிப் பிடித்து, தாளோடு சட்டையை உள்ளே கொடுத்திருக்கிறாள் உருளைக்காரி. தாளின் ஓரம் கொஞ்சம் சுருங்கியது. அதைக் கையாலேயே நீவிவிட்டாள். எண் தெளிவாகத் தெரிந்தது. "கல்யாணச் சட்டை மாதிரி இருக்கு பார்" என்று மருமகள் கையில் கொடுத்தாளாம்.

மறுநாள் மருமகளின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்ததால் உருளைக்காரி ஓட்டம் பார்க்க வரவில்லை. நானும் சைக்கிள்காரியும் முடிவுக்கோட்டில் நின்றோம். இளவட்டங்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரி அதிகாரிகள் வந்து போட்டோவுக்கு நின்றார்கள். அவளைக் காணோம். மேலே பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் நேரம் இருக்கும்மா, இருக்கும்மா" என்று சைக்கிள்காரி என் கையை நசுக்கினாள். அப்புறம் வந்தாள். வலது காலை இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நெற்றியில் துவாலைப் பட்டையோடு. கோட்டருகே உட்கார்ந்திருந்த அதிகாரிகள் இன்னும் நாற்காலியை மடித்து வைக்கவில்லை. நேரத்துக்குள்தான் வந்தாள், நான் கண்ணால் பார்த்தேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். என் தோளில் சாய்ந்து, "பேர் வந்துடும் அத்தை" என்றாள்.

பெயர் கொடுக்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தேடினாள். திரும்பத் தேடினாள்.

"நீங்க ஓடவே ஆரம்பிக்கலைன்னு காட்டுதுங்க."

"பதக்கம் கொடுத்தீங்களே?"

"அது வர்றவங்க எல்லாருக்கும் கொடுக்கறது. நேரத்தைக் குறிக்கறது இந்தத் தாளுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற சிப்புதான்." தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது உருகிப் போயிருக்கே. சூடு பட்டிருக்கு. அயர்ன் பண்ணீங்களா?"

மருமகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. "ஆமா, நான்தான் பண்ணேன்" என்றாள்.

நான் விடவில்லை. "ஓடினது அவ காலா, உங்க சிப்பா?" என்று கத்தினேன். "நான் பார்த்தேன், இவ பார்த்தா, நாற்காலியில உட்கார்ந்திருந்த உங்க ஆளுங்க பார்த்தாங்க!" உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களாம். "அடுத்த வருஷம் ஓடுங்கம்மா" என்றார். என் மகனுக்கு அடுத்த வாரம் சொன்ன அதே ஆஸ்பத்திரி, அவன் பெயருக்கு அடுத்த வருஷம் சொன்னது.

அடுத்த வருஷம் எங்கே ஓடுவது? அன்றைக்குப் போன முட்டி திரும்பவில்லை. இப்போது ஸ்டூல் போட்டுக்கொண்டு துணி மடிக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில் சைக்கிள்காரியிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "உருளை அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த உருளைப் பக்கமே போகமாட்டா. அவளுக்கு வேற என்ன இருக்கு?" ஒருத்தி ஆசையாகச் செய்த காரியத்தில் என் பிள்ளை பெயர் கருகிப் போயிற்று. அவளைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

வார்டு திறந்த அன்று உருளைக்காரிதான் முதல் ஆளாகச் சுவருக்கு ஓடினாள். கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். "எதுடி? நம்ம தம்பி பேர் எது? காட்டு" என்று மருமகளை இழுத்தாள். சைக்கிள்காரி தன் காலணியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மருமகள் கைக்கு எட்டிய உயரத்தில் ஒரு பெயரில் விரலை வைத்தாள்.

"இதுதான்க்கா."

உருளைக்காரி அதைத் தடவிப் பார்த்தாள். முந்தின நாள் கொத்திய தூசி இருந்தது. பையிலிருந்து துவாலைத் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் தினமும் துடைக்கிறாள். மருமகள் பக்கத்தில் நின்று, துடைத்து முடிக்கிறவரை காத்திருக்கிறாள். அது எவள் பெற்ற பிள்ளையோ. அந்தத் தாய்க்கு, இப்படி ஒருத்தி தினமும் துடைக்கிறாள் என்று தெரியுமோ தெரியாதோ.

நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதுகிற இது அச்சில் வந்தாலும் உருளைக்காரி படிக்கப்போவதில்லை. படித்தவர்கள் அவளிடம் போய்ப் படித்துக் காட்டாமல் இருந்தால் போதும்.

போன வாரம்கூட வீட்டுக்கு வந்திருந்தாள். "ஒரு தடவை வந்து பாருங்கம்மா. மத்த பேரெல்லாம் மங்கிக் கிடக்கு. உங்க பையன் பேர் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது."

"கால் வலிக்குதும்மா" என்றேன். "அடுத்த வாரம் வரேன்."