என் மனைவிக்காக நான் சொன்ன பதில்கள்

போன வருடம் சிறுபோக நெல் அறுவடை முடிந்த கையோடு, அக்கராயனில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. அதற்கு ஐந்து வருடம் முன்பு என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சை, மருந்து என்று ஒரு வருடம் யாழ்ப்பாணத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கடவுள் புண்ணியத்தில் அந்த வருத்தம் மாறிச் சுகமாகிவிட்டாள்.

அன்று ஓர் இளம் பொம்பிளைப் பிள்ளை வந்திருந்தா. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவ. புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாவாம். மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டேன்.

நித்திரை வருகிறதா என்று அந்தப் பிள்ளை மனைவியிடம் கேட்டா. நல்லா வருகுது என்றேன் நான். வீட்டு வேலை எல்லாம் செய்வீங்களா என்று அவளிடம் கேட்டா. ஒன்றும் செய்ய விடுவதில்லை, சமையல்கூட நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். உண்மையும் அதுதான். தேங்காய் திருவுவது, தண்ணீர் அள்ளுவது, உடுப்புத் தோய்ப்பது எல்லாம் நான். வயல் பக்கமே அவளை விட்டதில்லை. வீட்டு வளவில் அவள் ஆசையாகச் செய்த கச்சான் தோட்டத்தையும், அதுதான் நிலக்கடலை, ஏன் வீண் கஷ்டம் என்று தரிசாகப் போட்டுவிட்டேன்.

ஏழெட்டுக் கேள்விக்கு நானே பதில் சொன்ன பிறகு, அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இதுக்கு அக்காதான் பதில் சொல்லோணும். பிறகு உங்களிட்டயும் தனியாக் கேக்கிறன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். குசினி யன்னல் முற்றத்துப் பக்கம்தான். அவர்கள் கதைப்பது கேட்டது. இந்த ஐந்து வருடத்தில் எந்தக் காலம் ஆகக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டா அந்தப் பிள்ளை. தலைமுடி கொட்டியதைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை," என்றாள் என் மனைவி. "வருத்தம் போயிட்டுது. இவர் என்னை இன்னும் வருத்தக்காரியாத்தான் வைச்சிருக்கிறார். நல்ல மனுசன். அதாலதான் சொல்ல ஏலாமக் கிடக்குது."

முதலில் கோபம்தான் வந்தது. நாலு வருடமாக யாருக்காக இந்தப் பாடு பட்டேன் என்று நினைத்தேன். கேத்தில் கொதித்து ஊற்றுவதைக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவளுக்கு என்ன வேணும் என்று நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை.

தேத்தண்ணியோடு வந்து இருந்தபோது, "உங்களுக்கு என்ன பயம் அண்ணை?" என்று அந்தப் பிள்ளை கேட்டா. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வேலை செய்ய விட்டால் வருத்தம் திரும்ப வந்துவிடும் என்ற பயம் என்று சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

மனைவி என் கையைப் பிடித்தாள். "நான் டொக்டரிட்டக் கேட்டனான். ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கையால பாரம் தூக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவர். சும்மா இருக்கச் சொல்லேல்லை."

அடுத்த காலபோகத்துக்கு நெல் விதைத்த பிறகு அவளையும் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வரம்பில் விறுவிறு என்று நடந்தவள், தண்ணீர் கசிந்துகொண்டிருந்த ஓர் இடத்தைக் கண்டு என்னைக் கூப்பிட்டாள். இரண்டு நாளாக நான் அதைக் கவனிக்காமல் நடந்து திரிந்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லி வீடு வரும்வரை சிரித்தாள். மாசியில் கச்சானும் போட்டாள். மண் கொத்தியது நான், விதை ஊன்றியது அவள்.

இப்போதும் சில வேளை பதறிப்போய், அவள் கையில் இருப்பதைப் பறிக்கப் போவேன். அவள் ஒரு பார்வை பார்ப்பாள், விட்டுவிடுவேன். அவளுக்கு வருத்தம் மாறி நாலு வருடம் கழித்துத்தான், முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் கேள்வியால், எனக்கும் அது மாறத் தொடங்கியது.