அந்த ஐந்து வெப்சைட்டுகளையும் நான்தான் செய்தேன்

இதை எழுதலாமா கூடாதா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். பிளஸ் டூவோடு நின்றவன் நான். தன்னைப் பற்றித் தானே பீற்றிக்கொள்கிறான் என்று ஊரில் சொல்வார்களோ என்ற பயம். ஆனால் போன வாரம் ஜெர்மனியில் எங்கள் வீட்டு ஹீட்டரைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். வேலை முடிந்ததும் குழாயைத் தட்டிக் கொடுத்து, “நான் இதை மிக நன்றாகச் செய்திருக்கிறேன்” என்றார். சிரிப்பும் இல்லை, கூச்சமும் இல்லை. எங்கள் ஏற்காட்டில் யாராவது இப்படிச் சொன்னால் டீக்கடையில் ஒரு மாதத்துக்கு ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அவர் போன பிறகு பூஜை அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற முக்கில், ஒரு செருப்புக்கடை மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், சுவரில் எங்கள் மலைத் தெய்வம் சேர்வராயன் சாமி படம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் கீபோர்டு. நானாகவே கற்றுக்கொண்டு ஐந்து வெப்சைட்டுகள் செய்தேன். தேன் கடைக்கு ஒன்று, காப்பித்தூள் கடைக்கு ஒன்று, தங்கும் விடுதிகளுக்கு மூன்று. முதலாவது கிளியூர் பொன்னுசாமி அண்ணனின் விடுதிக்கு. பனிமூட்டம் விலகி விடுதி முகப்பு தெரிய வேண்டும் என்று நாலு காலை அவர் வாசலில் குளிரில் நின்று படமெடுத்தேன். பக்கம் முதல்முறை திறந்தபோது கற்பூரம் ஏற்றினோம். “நீயேவா பண்ணுன கண்ணு?” என்றார் அண்ணன். “நானெங்கீங்ணா, எல்லாம் சேர்வராயன் சாமி பண்ணுச்சுங்க” என்றேன். நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வோம்? பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன்.

என் மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். எனக்குச் சொல்லிக்கொள்ளச் சான்றிதழ் கிடையாது. அந்த ஐந்து பக்கங்கள்தான் சான்றிதழ். மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சின்ன வெப் டிசைன் ஆபீசில் வரச் சொன்னார்கள். முதலாளி ஃப்ராவ் லிண்ட்னர் என்ற அம்மாள், கேள்வி கேட்கும்போது கண் சிமிட்டாதவர். ஐந்தையும் திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் அடிக்கும் போய்ப் பார்த்தார். ஐந்திலும் என் பெயர் இருந்த இடத்தில் சேலத்து கம்பெனி ஒன்றின் பெயர்! அவர்களுடைய பக்கத்தைத் தேடி எடுத்தார். “எங்கள் படைப்புகள்” என்ற தலைப்பின் கீழ் என் ஐந்தும் வரிசையாக இருந்தன. நான் குளிரில் நின்று எடுத்த படங்கள்கூட அப்படியே இருந்தன.

“இவற்றை நீங்கள்தான் செய்தீர்களா?” என்று கேட்டார்.

பழக்கம் விடுமா? தெரிந்த அரைகுறை ஜெர்மனில், “நான் இல்லை, கடவுள்” என்றேன். அந்த அம்மாள் பேனாவை மூடினார். “உண்மையைச் சொன்னதற்கு நன்றி” என்று வாசல்வரை வந்து கைகுலுக்கி அனுப்பினார். திருடன் மனம் திருந்திவிட்டான் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஏனுங்ணா, எம் பேரை எதுக்குங்க எடுத்தீங்க?”

“நானா எடுத்தேன்? சேலத்துப் பசங்க கலரு மாத்தித் தர்றேன்னாங்க, மாத்துனாங்க. ஊட்டுக்குப் புதுசா பெயிண்டு அடிச்சா பழசு தெரியுமா கண்ணு?”

“நான் செஞ்சதுங்கண்ணா அது. நான்தான் செஞ்சேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க.”

“நீதான அன்னைக்குச் சொன்ன, நான் பண்ணல, சாமி பண்ணுச்சுன்னு? சாமியே சும்மா இருக்குது, நீ நொம்பத் துள்ளறியே!” என்று சிரித்து, போனை வைத்துவிட்டார்.

உடம்பெல்லாம் எரிந்தது. பணிவாகப் பேசியது குற்றமா? சாமி பெயரைச் சொன்னால் என் உழைப்பை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாமா? பழைய கடிதம் ஏதாவது சாட்சிக்கு அகப்படுமா என்று, ஒண்டிக்கடையோடு விட்டுவிட்டு வந்த மெயில் கணக்கைச் செல்போனில் திறந்தேன். அதைப் பார்க்கும் முன்பே கோபம் முந்திக்கொண்டது. மனைவியின் கம்ப்யூட்டரில் அண்ணன் விடுதியின் பக்கத்தைத் திறந்து, விருந்தாளிகள் எழுதும் கட்டத்தில் வாயில் வந்ததையெல்லாம் அடித்து அனுப்பினேன்.

என் செல்போன் மணியடித்தது. நான் திட்டியது எனக்கே வந்திருந்தது.

“நல்லா வேணும்” என்றாள் மனைவி. பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. யாராவது ஏதாவது கேட்டு எழுதினால் கடைக்காரருக்கு ஒன்று, எனக்கு ஒரு நகல் வரட்டும் என்று அந்தக் காலத்தில் ஐந்து பக்கத்திலும் எழுதி வைத்திருந்தேன். பெயரை அழித்தவர்களுக்கு உள்ளே கடிதம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஃப்ராவ் லிண்ட்னர் முன்னால் செல்போனை வைத்து, “எழுதிப் பாருங்கள்” என்றேன். தேன் கடைப் பக்கத்தில் “ஹலோ” என்று அனுப்பினார். மணி. காப்பித்தூள். மணி. ஐந்துக்கும் அடித்தது. “அப்படியானால் ஏன் கடவுள் என்று சொன்னீர்கள்?” என்று கேட்டார். “அவரும்தான்” என்றேன். அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். “நான் செய்தேன்” என்று சொல்ல வைத்துத்தான் விட்டார். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டே சொன்னேன். வேலை கிடைத்தது.

கோபம் மட்டும் போகவில்லை. கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. ஐந்தின் அடியிலும் இன்றைக்கும் அவர்கள் பெயர்தான். நகல் வருவதையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று அண்ணனிடம் சொன்னதற்கு, “வந்தா வந்துட்டுப் போவுது, உனக்கென்ன பாரமா?” என்கிறார். பாரம்தான். டிராமில் ஆபீசுக்குப் போகும்போது மணியடிக்கிறது. “ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் குப்பனூர் மலைப்பாதை வழியாக வரலாமா? பாதை திறந்திருக்கிறதா?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். இன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று தெரியாது. பதில் எழுத எடுத்த விரலோடு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இதைப் படித்தவர்கள், வெளிநாட்டிலிருந்தாலும் ஊரிலிருந்தாலும், நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். முக்கியமாக, தலைப்பில் இருக்கும் ‘நான்தான்’ என்பதை மரியாதைக்காகக்கூட எடுத்துவிடாதீர்கள்.