சேனாபதி வாயை மூடிய நாள்

எங்கள் தொங்காங் மீன் சந்தையில் தியென்திங்கிடம் மீன் வாங்கினால், அந்த மீனின் குலவரலாறும் உங்கள் வீட்டு வாசல்வரை கூடவே வரும். அப்படிப்பட்ட வாயாடி, கோயில் ஊர்வலத்தில் பேயை விரட்டும் எட்டுச் சேனாபதிகளில் ஒருவராக ஆட ஆசைப்பட்டார். ஊர் சிரித்தது. முகத்தில் வண்ணம் பூசிவிட்டால் ஆள் சாமி. கழுவும்வரை ஒரு சொல் பேசக் கூடாது.

"வாயத் தொறந்தே, அத்தோட குழுவ விட்டுப் போயிடணும்," என்றார் ஆட்டக்குழுத் தலைவர்.

"என் வீட்டுக்காரரு ஒரு நாள் வாய மூடுனா, நானே பட்டாசு வெடிக்கிறேன்," என்றாள் மனைவி மெய்சூ.

முகத்தில் வண்ணம் பூசிய தியென்திங்கோடு ஊர்வலம் சந்தைக்குள் நுழைந்தது. எதிர்க்கடை குவோ இதற்காகவே காத்திருந்தார்.

"கேட்டுக்குங்கம்மா! தியென்திங் கடையில அம்புட்டும் முந்தாநேத்து மீனு! இல்லேன்னா வாயத் தொறந்து சொல்லட்டுமே!"

தியென்திங் நின்றார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். சேனாபதியோ இறகு விசிறியை ஓங்கி, புலிபோல நடந்துபோய், குவோவின் முகத்தெதிரே நின்று முறைத்தார்.

குவோவின் கைகள் தாமாகக் குவிந்தன. "தப்புதான் சாமி! நல்ல மீனுதான்!"

சந்தை ஆர்ப்பரித்தது. "அவன முன்வரிசைக்கு அனுப்புங்கடா!" என்று தலைவர் கத்தினார். சேனாபதி பதிலே சொல்லாமல் முன்னே நடந்தார்.