பிரெஞ்சு படிக்கப் போய் நாற்காலிக்குச் சண்டை போட்டேன்: டிஜோன், 1994

"கோடை விடுமுறையில் பிரான்ஸில் நான்கு வாரம் பிரெஞ்சு படிக்கலாமா, உபயோகம் இருக்குமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது, தாராளமாகப் போங்கள். நான் போனது 1994 ஜூலையில். அப்போது யூரோ கிடையாது, கையில் செல்போன் கிடையாது. நான் எழுதும் விலைகளை நம்பி யாரும் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள். பயம் மட்டும் அன்றைய விலையிலேயே இன்றும் கிடைக்கும்.

எங்கள் வீடு கீழ்க்கட்டளையில். அப்பா தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். விமான டிக்கெட், படிப்பு, தங்கும் அறை எல்லாம் சேர்ந்த உதவித்தொகை ஒன்று அந்த வருடம் ஒரே ஒருவருக்குக் கிடைத்தது. அந்த ஒருவர் நான்! செய்தி கேட்ட அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மேடவாக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

துறைத்தலைவர் ஒரு கொக்கி போட்டார். மூன்றாம் நிலைச் சான்றிதழோடு திரும்பினால் ஆகஸ்டிலிருந்து கல்லூரியின் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பு எனக்கு, நான் டீச்சர். முதல் நிலை, இரண்டாம் நிலை என்றால் அந்த வேலை வேறு ஆளுக்கு. அப்பா தன் பங்குக்கு இன்னொரு கொக்கி போட்டார். வங்கித் தேர்வு விண்ணப்பத்தை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போ செல்வி. கடைசித் தேதி ஜூலை முப்பது. அங்க ஒண்ணும் நடக்கலன்னா ஃபோன்ல சொல்லு, நான் போஸ்ட் பண்ணிடுறேன்."

கையெழுத்துப் போட்டேன். வங்கி வேலை கெட்ட வேலை இல்லை. எனக்குத்தான் வகுப்பறை வேண்டும், கையில் சாக்பீஸ் வேண்டும். வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

விசாவுக்குப் பாண்டிச்சேரி. தாம்பரத்திலிருந்து சுமார் 130 கி.மீ., பேருந்தில் மூன்றரை மணி நேரம், போக 22 ரூபாய். ஜூலை 2, சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு வீட்டிலிருந்து மீனம்பாக்கம் கிளம்பினோம். பல்லாவரம் வழியாக ஏழு கிலோமீட்டர்தான், ஆட்டோவுக்கு 40 ரூபாய். பெட்டி என் மடியில், அப்பா பக்கத்தில், ஆட்டோக்காரரின் பார்வை கண்ணாடி வழியாக என் மேல்.

"ஃபாரினுக்கு இன்னா படிக்கப் போறே பாப்பா?"

"பிரெஞ்சுங்க அண்ணா."

"அதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேனு? பாண்டிச்சேரிக்கு பஸ் கீதே!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். விமான நிலையத்துக்குள் போகும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அழாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார் என்பது எனக்குத் தெரியும்.

மாலை 5.40க்கு பம்பாய், அங்கிருந்து பாரிஸ். மறுநாள் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து டிஜோனுக்கு 310 கி.மீ.; அதிவேக ரயிலில் ஒரு மணி நாற்பது நிமிடம். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகவே ஒரு மணி நேரம் பழகிய எனக்கு அந்த வேகத்தில் தலை சுற்றியது. வெளியே சூரியகாந்தி வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பெட்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை, யாரும் சுண்டல் விற்கவில்லை. எனக்கு மட்டும் எழுந்து நின்று கத்த வேண்டும் போல அத்தனை சந்தோஷம்.

திங்கட்கிழமை நுழைவுத் தேர்வு. எழுத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டு. வாய்மொழியில் ஆசிரியை ஒருவர் புன்னகையோடு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கேள்வி நன்றாகப் புரிந்தது. ரொட்டி, வெண்ணெய், காபி, மூன்று வார்த்தையும் தெரியும். வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார், நான் தலையை ஆட்டினேன். இரண்டாம் நிலையில் போட்டார்கள். அந்த வாரம் முழுவதும் மாணவர் உணவகத்தில் 13 பிராங்க் சாப்பாட்டைக்கூட விரலால் காட்டித்தான் வாங்கினேன். மூன்று வருடம் பரீட்சைக்கு எழுதியே படித்தவளுக்கு வேறு என்ன வரும்?

வெள்ளிக்கிழமை ஒரு செய்தி. மூன்றாம் நிலையில் ஒரு ஸ்பானிஷ் பையன் ஊருக்குத் திரும்பிவிட்டான், ஓர் இடம் காலி. திங்கள் காலை ஒன்பது மணி வகுப்புக்கு முதலில் வந்து அந்த நாற்காலியில் உட்காருபவர் முயன்று பார்க்கலாம், தாக்குப்பிடித்தால் அங்கேயே தொடரலாம் என்றார்கள். எங்கள் வகுப்பில் நான்கு பேருக்கு அதன் மேல் கண்.

திங்கள் காலை 7.45க்கே போய்விட்டேன். அறை பூட்டியிருந்தது. தரைத்தளம், கோடை என்பதால் ஜன்னல் திறந்திருந்தது, ஸ்பானிஷ் பையனின் நாற்காலி ஜன்னலிலிருந்து இரண்டடி. தாம்பரம் பேருந்து நிலையத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறியவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லவே வேண்டாம். கைக்குட்டையை எடுத்தேன், குறிபார்த்தேன், வீசினேன். நட்டநடு நாற்காலியில் விழுந்தது. இனி அது என் சீட். நிம்மதியாக ஆறு பிராங்குக்கு ஒரு காபி குடிக்கப் போனேன்.

8.50க்குத் திரும்பினால் அந்த நாற்காலியில் ஸ்வீடன் பெண் இங்ரிட் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வகுப்புத்தான், தங்கமான பெண். கைக்குட்டையைக் காணோம். அறையைத் திறந்து கூட்டிய அம்மா அதை எடுத்து, யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று வாசல் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டாராம். ஓடினேன். அங்கே இருந்தவர் அதை ஒரு காகித உறையில் போட்டு, நாளும் நேரமும் எழுதி வைத்திருந்தார்!

"தொலைத்தது நீங்களா?"

"தொலைக்கல. போட்டு வெச்சேன்!"

பிரான்ஸ் மண்ணில் நான் வாய்விட்டுப் பேசிய முதல் பிரெஞ்சு இதுதான். உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி, இங்ரிட்டின் முன்னால் நின்றேன்.

"இது என் இடம்."

"நான் வந்தபோது யாரும் இல்லையே," என்றாள் அவள்.

"என் கைக்குட்டை இருந்துச்சு இல்ல?"

பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. எங்கள் ஊரில் கைக்குட்டை போட்டால் சீட் போட்டவருடையது, ஆள் அப்புறம் வந்தால் போதும் என்று ஆரம்பித்தேன். கைக்குட்டை இல்லாதவர் துண்டு போடுவார், பை போடுவார், ஒருமுறை ஒருவர் முருங்கைக்காய்க் கட்டைப் போட்டு இடம் பிடித்ததை நானே பார்த்தேன் என்றேன். முருங்கைக்காய்க்குப் பிரெஞ்சு தெரியாமல் கைகளால் நீளம் காட்டினேன். அதற்குள் ஆசிரியை கோலெத் வந்து கதவருகே நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாராவது அதை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்தால்?" என்று ஓர் இத்தாலிக்காரன் கேட்டான்.

"உட்காரட்டுமே! மொத்த பஸ்ஸும் அவனைத் திட்டும்."

"ஒரே சீட்டில் இரண்டு கைக்குட்டை விழுந்தால்?"

"அப்பதான் சண்டையே!"

ஆணுக்குப் பெண்பால், நேற்றுக்கு நாளை, எல்லாம் தாறுமாறாக விழுந்தன. விழட்டும் என்று பேசினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது கோலெத் முன்னால் வந்தார்.

"நாற்காலி இங்ரிட்டுடையது. இங்கே உட்கார்ந்தவருக்குத்தான் இடம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலி தூக்கிக்கொண்டு வா. பத்து நிமிடம் பேசியிருக்கிறாய், இந்த வகுப்பில் இதுவரை யாரும் அவ்வளவு பேசியதில்லை."

தூக்கிக்கொண்டு வந்தேன். மீதி மூன்று வாரமும் நானும் இங்ரிட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் பேச்சுப் பயிற்சி என்று ஓடினோம். சந்தைக்குப் போய் தக்காளிக்காரரோடு வேண்டுமென்றே பேரம் பேசினேன். ஜூலை 29, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவு ஒட்டினார்கள். தேர்ச்சிக்குப் பத்து வேண்டும். எனக்கு இருபதுக்குப் பன்னிரண்டு. இங்ரிட் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

இப்போது போகிறவர்களுக்கு: புறப்படும் முன் ஒரு மாதம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் என்றாலும் சரி. முதல் வாரம் பேச்சு வராவிட்டால் பதறாதீர்கள். மாணவர் உணவகம் ஞாயிறன்று மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வையுங்கள். நம்மூர்ப் பிள்ளைகளோடு மட்டுமே சுற்றாதீர்கள். தப்பாகப் பேச வெட்கப்பட்டு நான் ஒரு வாரத்தை இழந்தேன், நீங்கள் இழக்காதீர்கள். முடிவு தெரிந்ததும் வீட்டுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னேன். 40 பிராங்குக்கு ஒரு டெலிஃபோன் கார்டு. அங்கே மாலை நாலரை, கீழ்க்கட்டளையில் இரவு எட்டு. அப்பா ஏற்கெனவே பேசி வைத்தபடி எஸ்.டி.டி. பூத்தில் காத்திருந்தார், முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, கிடைச்சிடுச்சு. மூணாம் நிலை."

"கெடைக்கும்னுதான் தெரியுமே. சாப்ட்டியா?"

"நாளைக்குத்தானே கடைசித் தேதி. அந்த ஃபாரத்தை அனுப்பிடாதீங்க."

"அது எங்க கீது? நீ ஏரோப்ளேன் ஏறுன அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

கார்டில் எண்கள் குறைந்துகொண்டே இருந்தன. "கிடைக்காம போயிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அத்த நான் யோசிக்கவே இல்லம்மா," என்றார் அப்பா.